சபாபதி வீட்டுச் சிவகாமி

பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட ஒரு வாரத்தில், 1941 டிசம்பர் 14 அன்று, ‘சபாபதி’ வெளியானது. அடுத்த ஏப்ரலில் குண்டுவீச்சுக்குப் பயந்து மக்கள் கூட்டம் கூட்டமாகச் சென்னையை விட்டு வெளியேறினார்கள். வெளியூர் உறவினர் வீடுகள் நிரம்பின. அங்கே கூடுதல் உலை வைத்தவர்கள் பெண்கள்.

பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தை ஏ.வி. மெய்யப்பன் படமாக்கியபோது, அந்த நெருக்கடி கதைவீட்டுக்குள் நுழையவில்லை. எசமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர். டி.ஆர். ராமச்சந்திரனின் அசட்டுத்தனமும் காளி என். ரத்தினத்தின் அசட்டுத்தனமும் மோத, நாம் சிரிக்கிறோம். ஆண் எவ்வளவு அசடாக இருந்தாலும் வீடு நடந்துவிடும் என்ற நம்பிக்கைதான் அந்தச் சிரிப்புக்கு அடித்தளம்.

யார் நடத்துகிறார்கள்? ஆர். பத்மா நடித்த சிவகாமி படித்தவள். தேர்வில் தோற்ற கணவனுக்கு உதவுகிறாள், அவன் தேறுகிறான். படித்த மருமகளைக் கேலி செய்யாமல் காட்டியது அந்தக் காலத்தில் சிறிய விஷயமல்ல. ஆனால் அவளுடைய படிப்பு, வீட்டுவேலைகளின் பட்டியலில் இன்னொன்றாகச் சேர்கிறது. உழைப்பு அவளுடையது, தேர்ச்சி அவனுடையது.

வேலைக்காரி குண்டுமுத்துவாக வரும் சி.டி. ராஜகாந்தத்துக்குத் துடுக்காகப் பேச அனுமதி உண்டு. குடும்ப கௌரவத்தைச் சுமக்கும் கட்டாயம் அவளுக்கு இல்லை. சிவகாமிக்கோ அறிவு இருக்கலாம், குரல் உயரக் கூடாது. ஒரே கூரையின் கீழ் இரு பெண்களுக்கு இரு சட்டங்கள்.

“என் மனைவி என்னைவிடப் புத்திசாலி” என்று இன்றும் மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறார்கள் கணவர்கள். அந்தப் புத்தி அவளுக்கு என்ன வாங்கித் தந்தது என்று கேளுங்கள். கைதட்டல் நின்றுவிடும்.