புற்றுநோய்: காசை எந்த இடத்தில் செலவழிப்பது?

களுவாஞ்சிக்குடியில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தால் அன்றிரவே வீட்டு முற்றத்தில் சொந்தக்காரர் கூடிவிடுவார்கள். கொழும்புக்குக் கொண்டுபோய்த் தனியாரில் காட்டச் சொல்வார் ஒருவர். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையே போதும் என்பார் இன்னொருவர். எவ்வளவு நகையை வங்கியில் வைக்கலாம், படுவான்கரை வயலை யார் வாங்குவார் என்பதுவரை பேச்சுப் போகும். நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்ற கேள்வி கடைசியில்தான் வரும், சில இரவுகளில் வராமலே போகும். என் மாமிக்கு மார்பில் கட்டி கண்டபோது எங்கள் முற்றத்திலும் இதுதான் நடந்தது. நானும் கொழும்புப் பக்கமே நின்று பேசினேன். அதில் பாதி பிழை என்று இப்போது நினைக்கிறேன். எந்தப் பாதி என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தனியாருக்குக் காசு கட்டினால் நல்ல வைத்தியர் கிடைப்பார் என்பது ஊர் நம்பிக்கை. ஆனால் பின்னேரம் நாம் சனல் பண்ணிப் பார்க்கிற நிபுணர் பெரும்பாலும் காலையில் அரச கிளினிக்கில் இருந்தவர்தான். கடமை நேரத்துக்குப் பிறகு தனியாராக நோயாளிகளைப் பார்க்க அரச வைத்தியர்களுக்கு 1977இலிருந்து அனுமதி உண்டு. அதே வைத்தியர், அதே படிப்பு, அதே கை. அவருடைய நேரத்தைத்தான் நாம் வாங்குகிறோம். இது சின்ன விஷயமில்லை. புற்றுநோய்க்கான அறுவைச் சிகிச்சை நான்கு கிழமை பிந்தினாலே மரண ஆபத்து 6 முதல் 8 வீதம் கூடுவதாக 2020இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்த பெரிய ஆய்வொன்று கணக்கிட்டது. பொறுமையாகக் கேள்விக்குப் பதில் சொல்கிற பத்து நிமிடத்துக்கும் விலை உண்டு. நோயாளி பயந்து ஓடிவிடாமல் இருப்பது பல நேரம் அந்தப் பத்து நிமிடத்தில்தான் தீர்மானமாகிறது.

மாமியின் கட்டியிலிருந்து எடுத்த சதைத் துணுக்கு ஃபோர்மலின் ஊற்றிய சின்னப் போத்தலில் எங்கள் கையில் தரப்பட்டது. அரச ஆய்வுகூடத்தில் கொடுத்தால் முடிவு வர இரண்டு மாதமும் ஆகலாம் என்றார் தாதி. மச்சான் அந்தப் போத்தலை ஷொப்பிங் பையில் சுற்றி, மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்தபடி கல்முனை–மட்டக்களப்பு பஸ்ஸில் ஏறி, தனியார் ஆய்வுகூடமொன்றில் கொண்டுபோய்க் கொடுத்தான். ஒன்பதாம் நாள் ரிப்போர்ட் வந்தது. எங்கள் குடும்பம் தனியாருக்குக் கொடுத்த காசில் அதைவிடப் பெறுமதியாகப் போன காசு வேறில்லை.

அதற்குப் பிறகு வருவது வேறு கணக்கு. மார்புப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்தால் 21 நாளுக்கு ஒருதரம் ஆறு அல்லது எட்டுத் தடவை மருந்து ஏற்றுவது வழக்கம். பிறகு கிழமைக்கு ஐந்து நாள் வீதம் சில கிழமை கதிர்ச் சிகிச்சை. கட்டி ஹெர்–2 வகையாக இருந்தால் டிராஸ்டுசுமாப் என்ற ஊசி மூன்று கிழமைக்கு ஒன்றாக ஒரு வருடம். ஹோர்மோன் வகையானால் ஐந்து வருடமாவது நாளாந்தம் குளிசை. தனியாரின் பெரிய பலவீனம் இந்த நீளத்தில்தான் வெளிப்படுகிறது. முதல் மாதம் கையில் இருக்கும் காசு ஏழாம் மாதம் இருப்பதில்லை. கதிர்ச் சிகிச்சையைக் காசுக்குப் பெறுவதென்றால் கொழும்பில் அறை எடுத்துத் தங்கவும் வேண்டும். பாதி வழியில் காசு முடிந்து அரச கிளினிக்குக்குத் திரும்பி வருகிறவர்கள், முதல்நாளே அங்கே வந்திருக்க வேண்டியவர்கள்.

எங்கள் பக்கத்தில் இந்தக் கணக்குக்கு இன்னொரு முகமும் உண்டு. மட்டக்களப்பில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குப் போவது வழமை. தாய் நோயில் விழுந்தால் ஈடு வைக்கக் கையில் இருப்பது மகளின் சீதனம். மாமி ஒரே பேச்சாகச் சொன்னா: "மருமகன், வளவை ஈடு வைக்கிறதெண்டா நான் மருந்து ஏத்தவே மாட்டன். அது புள்ளைட." தனியார் சிகிச்சைக்குச் சரி என்று தலையாட்டிவிட்டு, உள்ளுக்குள் சிகிச்சையையே வேண்டாம் என்று முடிவெடுக்கிற தாய்மார் இருக்கிறார்கள். இலவச சிகிச்சை அவர்களுக்கு அந்த மறுப்பைத் தேவையற்றதாக்குகிறது. அரச வைத்தியசாலையின் மிகப் பெரிய பலம் இதுதான் என்பேன்.

அதற்காக அரச பக்கத்தின் குறைகளை மூடிவைக்க முடியாது. 2022 பொருளாதார நெருக்கடியில் புற்றுநோய் மருந்துகளுக்கே தட்டுப்பாடு வந்தது. தொடர்ந்து நிபுணர்கள் பலர் நாட்டைவிட்டுப் போனார்கள். தரமற்ற இம்யூனோகுளோபுலின் கொள்வனவு விவகாரத்தில் முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரி 2ஆம் திகதி கைதானார். நிணநீர்ப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ரிட்டுக்சிமாப் மருந்தின் பெயரும் அந்த விவகாரத்தில் அடிபட்டது. வேறு வழியில்லாமல் அரசை நம்பி வந்தவனுக்குச் செய்த துரோகம் அது. கதிர் இயந்திரம் பழுதானாலும் அடி நோயாளிக்குத்தான். வெற்றிலை, பாக்கு, புகையிலையால் எங்கள் ஆண்களுக்கு அதிகம் வருகிற வாய்ப் புற்றுநோயில், இடையில் விடுபடுகிற நாட்கள் சிகிச்சையின் பலனையே குறைத்துவிடும். மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பினால் மொழி ஒரு சுவர். தமிழ் மட்டும் தெரிந்த பெண், தன் நோயை இன்னொருவர் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

மாமிக்கும் இரண்டு தடவை ஏற்ற வேண்டிய ஊசி வைத்தியசாலை இருப்பில் இல்லை. வெளியே வாங்கி, ரெஜிஃபோம் பெட்டியில் ஐஸ் போட்டு, இரண்டு முதல் எட்டுப் பாகை குளிரில் கொண்டுபோனோம். ஏற்றியது அரச வாட்டில்தான். ஊர்ப் பேச்சில் இரண்டாகப் பிரித்துப் பேசுகிற அரசும் தனியாரும் நடைமுறையில் இப்படித்தான் கலந்து கிடக்கின்றன. முடிவை விரைவாக அறியவும், இல்லாத மருந்தை வாங்கவும் காசைச் செலவழிக்கலாம். ஆண்டுக்கணக்கில் ஓடுகிற சிகிச்சைக்கு கிளினிக் கொப்பியை விடக்கூடாது. இன்று ஒருவர் கேட்டால் நான் சொல்வது இவ்வளவுதான்.

ஆனாலும் இதில் ஓர் அநியாயம் இருக்கிறது. அரச வரிசையில் விரைவாக இடம் பிடிக்க முதலில் தனியார் அறையில் தலைகாட்ட வேண்டும் என்று சனம் நம்பத் தொடங்கிவிட்டது. எங்களால் அந்த ஒன்பது நாளை வாங்க முடிந்தது. மண்டூரிலிருந்து குருமண்வெளிக்கு வாவியைப் பாதைப் படகில் கடந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வருகிற கூலிக்காரப் பெண்ணால் முடியாது. கட்டி அவளுக்காகக் காத்திருப்பதில்லை.

தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை எழும்பியது எப்படி என்பதை எங்கள் வெளிநாட்டுப் பிள்ளைகள் நினைத்துப் பார்க்க வேண்டும். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை 670 கிலோமீட்டர் நடந்து சேர்த்த பணத்தில் எழும்பியது அது. 2013இல் திறந்த கட்டடம் இன்று அரச வைத்தியசாலையின் பகுதி. யாரும் காசில்லாமல் உள்ளே போகலாம். எங்கள் பக்கத்திலோ லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருகிற காசு ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாகக் கொழும்பில் கரைகிறது. அதில் ஒரு சிறு பங்கு போதும், எங்கள் ஊர்களின் ஆதார வைத்தியசாலைகளில் எடுக்கும் சதைத் துணுக்குகளுக்கு இரண்டு கிழமைக்குள் முடிவு வரச் செய்யலாம். மச்சான் மடியில் வைத்துப் போன போத்தலை வைத்தியசாலை வாகனமே கொண்டுபோகட்டும். கிழமைக்கு இரண்டு ஓட்டம் போதும்.