விடை மட்டும் ஒட்டப்பட்ட கணக்கு

பக்கத்தின் மொத்த அகலத்தில் 250 பிக்சலைக் கழித்துக்கொள். சிஎஸ்எஸ்ஸின் ‘கால்க்’ என்ற கணிதச் சார்புக்கு நாம் இடும் கட்டளை பெரும்பாலும் இவ்வளவுதான். ஆனால் அது வருவதற்கு முன்பு, பக்கப்பட்டையை 250 பிக்சலில் நிறுத்தி, மிச்ச இடத்தையெல்லாம் கட்டுரைக்குக் கொடுக்க எதிர்மறை மார்ஜின், ஃப்ளோட் என்று என்னென்னவோ செய்துகொண்டிருந்தோம். சாஸ் போன்ற கருவிகளும் கைகொடுக்கவில்லை. அவை கோப்பை உருவாக்கும்போதே கணக்கை முடித்துவிடும். வாசகர் எந்தத் திரையில் பார்ப்பார் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. கால்க், பக்கம் விரியும் நேரத்தில் பிரவுசருக்குள்ளேயே கணக்குப் போடுகிறது. 2013-இல் குரோம் முன்னொட்டு இல்லாமல் அதை ஏற்ற பிறகு, அதை எழுதாத நாள் எனக்குக் குறைவு.

‘மொத்தத்தில் 250 போக மீதி’ என்பது ஆறு மாதம் கழித்து வந்து படிப்பவருக்கும் புரியும். அதுதான் இதன் அருமை. 2023-இல் எல்லா முக்கிய பிரவுசர்களுக்கும் வந்துசேர்ந்த சைன், கோசைனும் அந்த ரகமே. எட்டுப் பொத்தான்களை வட்டமாக அடுக்க இனி ஜாவாஸ்கிரிப்ட் வேண்டாம்.

குறை என்று பார்த்தால், முதலில் அதன் மௌனம். கழித்தல் குறியின் இரு புறமும் இடைவெளி விட வேண்டும். விடாவிட்டால் குறியை எண்ணோடு சேர்த்துப் படித்து, அந்த வரி முழுவதையும் பிரவுசர் ஒதுக்கிவிடும். பெருக்கலுக்கு இந்த நிபந்தனை கிடையாது. வெறும் பூஜ்யத்தோடு 10 பிக்சலைக் கூட்டினாலும் இதே கதி; பூஜ்யத்துக்கும் அலகு வேண்டும். பக்கத்தில் எந்தப் பிழைச்செய்தியும் வராது. ஒரே ஓர் இடைவெளியைத் தேடி ஒரு மாலைப்பொழுதையே நான் தொலைத்ததுண்டு.

இதைவிட என்னை உறுத்துவது, ‘க்ளாம்ப்’ இன்று எழுதப்படும் விதம். குறைந்த அளவு, விரும்பும் அளவு, அதிக அளவு என்று மூன்றை அது கேட்கும். 320 பிக்சல் அகலத் திரையில் 16 பிக்சலாக இருக்கும் எழுத்து, 1280-ஐ எட்டும்போது 24 ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் எழுத வேண்டியது 0.8333 ரெம்மும் திரை அகலத்தில் 0.8333 சதவீதமும் சேர்ந்த தொகை. கணக்கு சரிதான். ஆனால் 320, 1280 என்று நாம் எடுத்த முடிவு அந்த வரியில் எங்கே இருக்கிறது? நீளத்தை நீளத்தால் வகுக்க சிஎஸ்எஸ் நெடுங்காலம் இடம் தரவில்லை. அதனால் வேறெங்கோ கணக்கிட்டு, விடையை மட்டும் கொண்டுவந்து ஒட்டுவது பழக்கமாகிவிட்டது. பிறகு ஒருவர் ‘24 வேண்டாம், 22 போதும்’ என்று கடைசி எண்ணை மட்டும் திருத்துவார். எழுத்தின் வளர்ச்சி 1040 பிக்சலிலேயே நின்றுபோகும். ஏனென்று யாருக்கும் விளங்காது.

இதே எழுத்தைப் பார்வை மங்கிய ஒருவர் 1280 பிக்சல் திரையில் 200% பெரிதாக்குகிறார். பிரவுசர் இப்போது அகலத்தை 640 என்று எடுத்துக்கொள்ளும். சூத்திரம் தருவது 18.67, அதன் இரு மடங்கு 37.3. முன்பு இருந்தது 24. இரண்டு மடங்கு கேட்டவருக்கு ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல்தான் கிடைத்திருக்கிறது. திரை அகலத்தை மட்டுமே நம்பி எழுதியிருந்தால் எவ்வளவு பெரிதாக்கினாலும் எழுத்து அப்படியே நிற்கும். எழுத்து 200% வரை பெரிதாக வேண்டும் என்பது டபிள்யூசிஏஜி அணுகல் நெறி. ணு, ஞூ என்று சுழி மேல் சுழி வரும் தமிழ் எழுத்து சிறிய அளவில் அப்பிக்கொள்வதால், நம் வாசகருக்கு அந்த வசதி இன்னும் அவசியம்.

கட்டுரை எழுத்தை நான் 1 ரெம்மிலேயே விட்டுவிடுகிறேன். க்ளாம்ப் தலைப்புகளுக்கு மட்டும். அங்கும் அதிக அளவு, குறைந்த அளவின் இரண்டரை மடங்கைத் தாண்ட விடுவதில்லை; தாண்டாதவரை, பிரவுசரில் 500% வைத்தால் இரண்டு மடங்காவது உறுதி. அந்த வரிக்கு மேலே, எந்த அகலத்திலிருந்து எந்த அகலம் வரை, எந்த அளவிலிருந்து எந்த அளவு வரை என்று நான்கு எண்களையும் கமென்ட்டாக எழுதி வைக்கிறேன்.