தப்பிப் பிழைத்த தாள்கள்: யூத வரலாற்றின் நூலக மூலங்கள்

பெர்லினில் 1928இல் வெளிவரத் தொடங்கிய ஜெர்மன் மொழி யூதக் கலைக்களஞ்சியம், 1934இல் பத்தாம் தொகுதியோடு நின்றது. ‘எல்’ எழுத்தைத் தாண்டுவதற்குள் நாஜி ஆட்சி வந்துவிட்டது. யூத வரலாற்றின் மூலங்களில் இப்படி அறுபட்டவையும், ஒளித்து வைத்தவையும், வேண்டாமென ஒதுக்கியவையும் ஏராளம். இத்துறையில் ஓர் ஆவணம் என்ன சொல்கிறது என்பதோடு, அது எப்படித் தப்பியது என்றும் கேட்டாக வேண்டும்.

புதிதாக வருபவருக்கு முதல் வாசல் கலைக்களஞ்சியங்களே. 1901–1906இல் நியூயார்க்கில் வெளியான 12 தொகுதிகள் யூத மத அறிஞர்களான ரபிகளின் இலக்கியத்துக்கு இன்றும் பயன்படுகின்றன. ஆனால் இனஅழிப்பும் இஸ்ரேலும் அவற்றுக்குப் பின் நிகழ்ந்தவை. அந்தக் குறையை 1971–72இல் ஜெருசலேமில் வந்த 16 தொகுதிகளும், 22 தொகுதிகளாக விரிந்த அவற்றின் 2007 பதிப்பும் நிரப்பின. ஆய்விதழ்க் கட்டுரைகளைத் தேட, இஸ்ரேல் தேசிய நூலகத்தின் ‘ராம்பி’ அட்டவணை இருக்கிறது.

மத்திய காலத்துக்கு வந்தால் கெய்ரோ கெனிசாவுக்கு நிகரில்லை. இறைவன் பெயர் எழுதிய தாளை அழிக்கக் கூடாது என்பது யூத மரபு; அத்தகைய தாள்களை இட்டுவைக்கும் அறையே கெனிசா. பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா ஜெப ஆலயத்தில் அப்படிப்பட்ட தாள்களோடு கடன் சீட்டு, திருமண ஒப்பந்தம், வணிகக் கடிதம், பிள்ளைகளின் எழுத்துப் பயிற்சி எல்லாம் ஓர் அறையில் சேர்ந்துகிடந்தன. ஆக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன் என்ற இரட்டைச் சகோதரிகள் வாங்கிவந்த ஒரு துண்டைக் கண்ட கேம்பிரிட்ஜ் அறிஞர் சாலமன் ஷெக்டர், 1896 இறுதியில் கெய்ரோவுக்குப் புறப்பட்டார். அவர் கொண்டுவந்ததை மையமாகக் கொண்ட கேம்பிரிட்ஜ் தொகுப்பில் இன்று சுமார் 1,93,000 துண்டுகள் உள்ளன. மிச்சம் ஆக்ஸ்ஃபோர்டு, மான்செஸ்டர், நியூயார்க் எனச் சிதறிவிட்டது. ஒரே கடிதத்தின் இரு பாதிகள் இரு நாடுகளில் இருப்பதுண்டு. எண்மப் படங்கள் இப்போது அவற்றை இணைக்கின்றன.

எபிரேய எழுத்தில் எழுதிய அரபு மொழிதான் இக்கடிதங்களில் பெரும்பகுதி. அவற்றைப் படித்து வரலாற்றாய்வாளர் எஸ். டி. கோய்டைன் 1967 முதல் 1988 வரை எழுதிய ஐந்து தொகுதிகள், மன்னர்களை விட்டுச் சந்தைக்கும் வீட்டுக்கும் வரலாற்றைத் திருப்பின.

கிழக்கு ஐரோப்பாவின் கதை வேறு. அங்கே மூலங்களைத் தெரிந்தே காத்தார்கள். 1925இல் வில்னாவில் தொடங்கிய யிவோ ஆய்வு நிறுவனத்தின் சேகரிப்பை நாஜிகள் சூறையாடியபோது, தரம்பிரிக்கும் வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்ட கவிஞர் ஆப்ரகாம் சுட்ஸ்கேவரும் தோழர்களும் தாள்களை உடைக்குள் மறைத்துக் கடத்தினார்கள். நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த வார்சா கெட்டோவில் வரலாற்றாய்வாளர் இமானுவேல் ரிங்கெல்ப்ளூமின் குழு திரட்டிய ஆவணங்கள் தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் புதைக்கப்பட்டு, 1946இலும் 1950இலும் தோண்டி எடுக்கப்பட்டன. கெனிசாக் கடிதம் நம்மை நினைத்து எழுதப்பட்டதல்ல. ரிங்கெல்ப்ளூம் தொகுப்போ பின்வருவோருக்கென்றே எழுதப்பட்ட சாட்சியம். இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது.

போருக்குப் பின், அழிந்த ஊர்களின் மக்கள் தங்கள் பேச்சுமொழியான யித்திஷிலும் எபிரேயத்திலும் வெளியிட்ட நினைவு நூல்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். நியூயார்க் பொது நூலகம் இவற்றை நூற்றுக்கணக்கில் இணையத்தில் வைத்துள்ளது. தெரு வரைபடமும் இறந்தோர் பட்டியலும் வேறெங்கும் கிடைக்காதவை. ஆனால் ஊரின் சண்டை சச்சரவுகள் துயரத்தில் கரைந்து போயிருக்கும். அவற்றுக்கு அக்கால யித்திஷ் நாளிதழ்களைத்தான் புரட்ட வேண்டும்.

தமிழ் வாசகருக்கு நேரடியாகத் திறக்கும் கதவு கேரளத்தில் இருக்கிறது. கி.பி. 1000ஐ ஒட்டிச் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு 72 உரிமைகள் தந்த கொச்சிச் செப்பேடு வட்டெழுத்தில் உள்ளது. கி.பி. 849ஆம் ஆண்டுத் தரிசாப்பள்ளிச் செப்புப் பட்டயத்தில் எபிரேய எழுத்திலும் சாட்சிக் கையொப்பங்கள் காணப்படுகின்றன. நிலைக்க வேண்டுமென்றே செம்பில் பொறித்த இவை, அரசன் கொடுத்ததைச் சொல்லும்; அந்த உரிமையோடு மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைச் சொல்லாது. 12ஆம் நூற்றாண்டில் மலபார்க் கரையில் வாழ்ந்த துனீசிய வணிகர் ஆப்ரகாம் பென் யிஜுவின் சரக்குக் கணக்குகளும் வெண்கலப் பட்டறைக் குறிப்புகளும் கெனிசாவில்தான் கிடைத்தன. இந்தியப் பெருங்கடல் வணிகத்தை ஆராய்பவர், செப்பேட்டோடு கெனிசாவையும் சேர்த்துப் படித்தால்தான் சலுகையும் வாழ்க்கையும் ஒன்றாகப் புலப்படும்.