மாறுரையாமையும் மறுமொழியும்: மணிமேகலையின் சமயக்கணக்கர் காதை குறித்து

தமிழ் இலக்கிய வரலாற்று நூல்கள் மணிமேகலையைப் பௌத்த சமயப் பரப்புரைக் காப்பியம் என்றே அறிமுகப்படுத்துகின்றன. அவ்வாறு கூறுவதில் பிழையில்லை. ஆயின், அவ்வொரு தொடரோடு இருபத்தேழாம் காதையாகிய 'சமயக்கணக்கர்தந் திறங்கேட்ட காதை'யைப் பற்றிய ஆய்வு முடிந்துவிட்டதாகக் கருதுவதே நமக்கு உடன்பாடன்று. உ.வே. சாமிநாதையர் 1898-இல் இந்நூலைப் பதிப்பித்த பின்னர், இக்காதையும் இருபத்தொன்பதாம் காதையும் பெரும்பாலும் காலக் கணிப்புக்கே பயன்பட்டு வந்துள்ளன. அறவண அடிகள் உரைக்கும் அளவையியல் திக்நாகருக்கு முந்தியதா, பிந்தியதா என்னும் வாதம் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்காரின் ஆங்கில நூல் (1928) முதலாக நெடிது நடந்தது. அவ்வாதத்தின் தேவையை நாம் மறுக்கவில்லை. ஒரு பெண் பல சமயத்தாரை நாடிச் சென்று அவர்தம் கொள்கைகளைக் கேட்டு, ஐயுற்று, தேர்ந்து கொள்கிறாள் என்பதை அது பார்வையிலிருந்து மறைத்துவிட்டது என்பதே நம் குறை.

வஞ்சி மாநகரின் புறத்தே வைதிக அளவைவாதி தொடங்கிப் பூதவாதி ஈறாகப் பதின்மரை மணிமேகலை காண்கிறாள். சாத்தனார் அனைவருக்கும் ஒத்த இடம் தரவில்லை. அளவைவாதியும் ஆசீவகனும் விரிவாகப் பேசுகின்றனர். வைணவவாதிக்குக் கிடைப்பவை ஓரிரு அடிகளே. சைவவாதிக்கும் பெரிதாக இடமில்லை. பத்தி இயக்கத்தின் பெருக்கை அறிந்த நமக்கு இது வியப்பளிக்கலாம். அளவை கொண்டு வாதிடும் நெறிகளையே சாத்தனார் எதிர்நிற்கத் தக்கவையாகக் கருதினார் போலும். நடுநிலையான அவை என்று இதனைச் சொல்ல இயலாது. கேட்போளின் முடிவும் முன்னரே சொல்லப்பட்டதுதான்: பிற சமயப் பொருள்களைக் கேட்டுத் தெளிந்தபின் புத்தன் அறநெறியை அடைவாய் என்று முந்திய காதையிலேயே கண்ணகியின் படிமம் அவளுக்கு உரைத்துவிடுகிறது. முடிவு தெரிந்த தேடலில் ஐயத்துக்கு என்ன வேலை என்று கேட்பவர் கேட்கலாம். கேட்கவும் வேண்டும்.

இவ்வினாவுக்கு விடை பூதவாதிப் பகுதியில் இருக்கிறது என்பது நம் கருத்து. அதுவரை மணிமேகலை எவரோடும் வாதிடுவதில்லை. கேட்ட நெறிகள் நல்லவையாகத் தோன்றாவிடினும் தான் எதிர்வாதம் புரிவதில்லை என்னும் நிலையில் நிற்கிறாள். இதனை அலட்சியம் என்று கொள்வாரும் உளர். கேட்க வந்தவள் கேட்டுவிட்டுச் செல்கிறாள் என்றே நாம் கொள்கிறோம். பூதவாதியோ, தாதகிப்பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் கூடக் கள்ளின் களிப்புப் பிறப்பதுபோல் பூதங்களின் கூட்டத்தால் உணர்வு பிறக்கும் என்கிறான். காட்சியளவையே அளவை, மறுபிறப்பு பொய் என்கிறான். முற்பிறப்பை உணர்ந்தோர் பற்றி நகைப்போடு எழும் வினாவுக்கு, தெய்வ மயக்காலும் கனவாலும் மனம் திரிந்தோர் கூறும் அதனில் ஐயமன்றி வேறில்லை என்று விடை வருகிறது.

மணிபல்லவத்தில் புத்த பீடிகையைக் கண்டு தன் முற்பிறப்பை உணர்ந்தவள் மணிமேகலை. பிற சமயத்தார் தத்தம் கடவுளையும் உலகத் தோற்றத்தையும் பற்றிப் பேசினர். பூதவாதி ஒருவனே அவளது சொந்த அனுபவத்தின்மேல் கைவைத்தான். அவள் அமைதி கலைவதும் அங்கேதான். ஆனால், 'நானே உணர்ந்தேன்' என்று அவள் வாதிடவில்லை. நம் வட்டாரத்தைச் சார்ந்ததாகக் கருதப்படும் சாவக நாட்டின் மன்னன் புண்ணியராசனும் அதே பீடிகையால் தன் பழம்பிறப்பை அறிந்தவன். அவனையும் அவள் சான்றுக்கு அழைக்கவில்லை. உன் தந்தை தாயரைக் கருதலளவையால் அன்றி இவ்வுலகில் வேறு எவ்வாறு அறிவாய் என்று மட்டும் கேட்கிறாள்.

உரையாசிரியர்கள் இதனை அளவையியல் எடுத்துக்காட்டாகவே கடந்து செல்கின்றனர். கேட்பவள் யார் என்பதையும் நோக்க வேண்டும். மாதவி வயிற்றுப் பிறந்தவள். தந்தை கோவலனை மதுரையில் கொலைக்களத்துக்கு இழந்தவள். கோவலன் படிமத்தையும், தாயாகவே கருதிய கண்ணகியின் படிமத்தையும் தொழுது கலங்கிய சுவடு மாறாதவள். தந்தையும் தாயும் என்னும் எடுத்துக்காட்டு அவள் நாவில் வெறும் எடுத்துக்காட்டாக இருக்க முடியாது. காட்சியும் கருதலும் ஆகிய இரண்டே அளவைகள் என்று அறவண அடிகள் பின்னர்க் கற்பிக்கப் போவதை அவள் இங்கே கல்லாமலேயே கையாள்கிறாள். முடிவு முன்னரே குறிக்கப்பட்டிருப்பினும் அதற்குச் செல்லும் வழியை அவளே இட்டுக்கொண்டாள் என்று நாம் கூறுவது இதனாலேயே.

நம்மை உறுத்துவது வேறொன்று. பத்தாம் காதையில் மணிமேகலா தெய்வம், நீ இளம்பெண் என்பதால் சமயத்தார் எவரும் தம் பொருளை உனக்கு உரையார் என்று சொல்லி வேற்றுருக் கொள்ளும் மந்திரத்தைத் தருகிறது. வஞ்சியில் அவள் மாதவன் வடிவத்தில் நின்றே பதின்மரையும் கேட்கிறாள். மலேசியக் கூட்டரசு அரசமைப்பின் 11ஆம் பிரிவு ஒரு சமயத்தைச் சார்ந்திருக்கவும் கடைப்பிடிக்கவும், வரம்புக்கு உட்பட்டுப் பரப்பவும் உள்ள உரிமையைச் சொல்கிறது. சாத்தனார் காட்டும் தடை இவற்றுக்கெல்லாம் முந்தியது. கேட்பதற்கே உள்ள தடை. பூதவாதி எதிர்கொண்டதும் ஓர் ஆண் துறவியின் வினாவைத்தான். அவன் எதிரில் நின்றவள் ஓர் இளம்பெண் என்று அறிந்திருப்பின் மறுமொழி கூறியிருப்பானா என்பதைக் காப்பியம் சொல்லவில்லை. பின்வந்த சமண நூலாகிய நீலகேசியில், பழையனூர் நீலி பெண்ணுருவிலேயே வாதுக்குச் சென்று குண்டலகேசியையும் வெல்கிறாள். ஆனால் அவள் தெய்வமகள், வெல்வதற்கென்றே செல்பவள். கேட்கச் செல்லும் மானிடப் பெண்ணுக்குத்தான் வேடம் தேவைப்பட்டிருக்கிறது.

காஞ்சிக்கு வந்தபின் நிகழ்வன விரைவாகவே நிகழ்கின்றன. பதினெண் மொழி பேசும் மக்களும் உறுப்புக் குறையுடையோரும் பசியோடு திரள, அமுதசுரபி கொண்டு அவள் உணவளிக்கிறாள். எச்சமயத்தினர் என்ற வினா அங்கு எழுவதில்லை. அதன் பின்னரே அறவண அடிகள் அறம் உரைக்கத் தொடங்குகிறார். அவரிடம் மணிமேகலை தன் வஞ்சி அனுபவத்தைச் சொல்லும்போது, தான் பூண்ட அந்த வேற்றுருவைப் போலவே ஐவகைச் சமயமும் செவ்விதாக அமையாமையால் அவற்றைச் சிந்தையில் வைக்கவில்லை என்கிறாள். கேட்ட கொள்கைகளும் கேட்பதற்காகப் பூண்ட ஆணுருவும் ஒரே உவமையில் ஒருங்கே விலக்கப்படுகின்றன. முப்பதாம் காதையில் அவள் நோன்பு ஏற்கிறாள். 'பவத்திறம் அறுகெனப் பாவை நோற்ற காதை' என்பது அதன் பெயர். அப்பெயரில் அவள் மாதவன் அல்லள், பாவை.