அயலுதவியும் தோட்டப் பெண்களும்

குடும்பக் கட்டுப்பாட்டிற்கென ஓர் அரசு மற்றோர் அரசுக்கு வழங்கிய முதல் உதவி, 1958இல் சுவீடன் இலங்கையோடு செய்துகொண்ட உடன்படிக்கையே என்பர். அதன் முன்னோடிக் களங்களுள் பண்டாரகம சிங்களக் கிராமப்புறம். டயகம மலையகத் தேயிலைத் தோட்டம். இப்பின்னதே நம் கவனத்திற்குரியது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிப் பத்தாண்டுகள் ஆகியிருந்தன. வாக்கற்றோரின் மகப்பேறு குறித்து இரு அரசுகள் ஒப்பந்தம் செய்தன! உதவியின் நோக்கத்தைப் பழிக்க நாம் முற்படவில்லை. அடுத்தடுத்த பேறுகளால் நலிந்த தாய்மார்க்கு அது பயன்பட்டிருக்கும். ஆயின், மறுத்துரைக்க வழியற்றவரின் இசைவை இசைவெனக் கொள்வது எங்ஙனம்?

சாஆ வட்டாரத் தோட்டங்களை அறிந்தோர்க்கு இவ்வினா அயலானதன்று. 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த மலேசியத் தேசியக் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியமும் 1970களில் உலக வங்கி, ஐ.நா. மக்கள்தொகை நிதியம் ஆகியவற்றின் துணையைப் பெற்றது. 1984இலோ அரசு 7 கோடி மக்கள்தொகையை இலக்காக்கிக் கொள்கையையே திருப்பியது. இவ்விரு காலத்தையும் தோட்டப் பெண்கள் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதைப் புள்ளிவிவரம் உரைக்காது. அன்றைய தாய்மாரும் தோட்ட டிரசர்மாரும் முதுமை எய்திவிட்டனர். அவர்தம் வாய்மொழியைத் திரட்டும் பணியை நம் மாணவர் இனியும் தாழ்த்தலாகாது.