கறுப்புப் பெட்டியின் எழில்

வீட்டுக்கு ஒரு மடிக்கணினி வாங்கலாம் என்று பேச்செடுத்தால், அது உடனே பிராசசர், ரேம், தள்ளுபடி விலை என்று எண்களுக்குள் இறங்கிவிடுகிறது. எண்கள் வேண்டியவைதான். ஆனால் காலையில் அப்பா பத்திரிகை படித்து, மதியம் அம்மா வங்கிக் கணக்கைப் பார்த்து, மாலையில் பிள்ளைகள் பாடம் கேட்கும் ஒரு பொருள் எத்தனை நாள் உழைக்கும் என்பதை விளம்பர அட்டை சொல்லாது. விரல் சொல்லும். அந்த உழைப்பின் அழகை நிதானமாகப் பார்க்க நான் தேர்ந்தெடுக்கும் பொருள் திங்க்பேட் டி480 என்ற மடிக்கணினி. 2018-இல் வந்த இந்த மாடல் இன்று புதிதாகக் கிடைப்பதில்லை. நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்தவைதான் பழுதுபார்க்கப்பட்டுச் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களுக்கு வந்து சேர்கின்றன. வாருங்கள், ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்துப் பார்ப்போம்.

முதலில், மூடியபடியே இருக்கட்டும். மினுக்கம் இல்லாத கறுப்பு. வளைவு நெளிவு காட்டி மயக்காத நேர்கோடுகள். மூடியின் மூலையில் சாய்வாகப் பொறித்த பெயர். அதில் வரும் ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்தின் தலையில் மட்டும் ஒரு சிறு செந்நிறச் சுடர். கணினி உறக்கத்தில் இருக்கும்போது அந்தச் சுடர் மெல்ல மங்கி மெல்ல ஒளிரும். இந்த அடக்கத்துக்கு ஒரு தகப்பன் உண்டு. ரிச்சர்ட் சாப்பர் என்ற ஜெர்மானிய வடிவமைப்பாளர், இத்தாலியின் மிலான் நகரில் இருந்துகொண்டு உலகம் வியந்த டிட்ஸியோ மேசை விளக்கைப் படைத்தவர், ஐபிஎம் நிறுவனத்துக்காக இந்த உருவத்தை வகுத்தார். ஜப்பானியர் உணவு அடுக்கும் கறுப்பு அரக்குப் பூச்சுப் பெட்டி அவர் மனத்தில் இருந்தது. வெளியே எளிமை, திறந்தால் உள்ளே வியப்பு. 1992 அக்டோபரில் முதல் திங்க்பேட்களில் ஒன்றான 700சி வந்தது. ஜப்பானின் யமாட்டோ ஆய்வகம் அதன் பொறியியலைச் செதுக்கியது. 2005-இல் உரிமை லெனோவோவுக்குக் கைமாறிய பிறகும் அந்தக் கறுப்பும் அந்த நேர்கோடும் இதில் தொடர்கின்றன. எத்தனையோ நிறங்கள் சந்தைக்கு வந்து போய்விட்டன. இந்தக் கறுப்புக்கு இன்னும் வயதாகவில்லை.

இனித் திறக்கலாம். திறக்கும்போதே கவனியுங்கள், கீல் பேசும். மலிவான மடிக்கணினிகள் பெரும்பாலும் முதலில் இறப்பது இந்தக் கீலில்தான். நெகிழியில் பதித்த சின்னப் பித்தளைக் குழல்களில் திருகு பிடித்திருக்கும்; நாளெல்லாம் திறந்து மூடும் இழுவையில் அவை பெயர்ந்து, ஒரு நாள் திரையின் ஓரம் விரிந்து வாய் பிளக்கும். இங்கே இரண்டு உலோகக் கீல்கள், நல்ல தேக்குக் கதவு திரும்புவதுபோல, ஒரே சீரான இறுக்கத்துடன் திரும்புகின்றன. எந்தக் கோணத்தில் விட்டாலும் திரை அங்கேயே நிற்கிறது. முழுக்க விரித்தால் 180 பாகை, மேசையோடு மேசையாகப் படுத்துவிடும். பேருந்து டிக்கெட் போடும்போது எதிரே உட்கார்ந்திருக்கும் தாத்தாவும் எட்டிப் பார்க்கலாம்.

விசைப்பலகைக்கு வருவோம். இங்கே நான் அதிக நேரம் நிற்கப்போகிறேன், நீங்களும் நில்லுங்கள். ஒவ்வொரு விசையின் மேல்விளிம்பும் நேராக இருக்க, கீழ்விளிம்பு மட்டும் புன்னகை போல வளைந்திருக்கிறது. விரல் அடுத்த வரிசைக்கு இறங்கும்போது விசையின் கீழ்ப்பகுதியில்தான் சறுக்கி விழும். அங்கே இடம் கொடுத்து ஏந்திக்கொள்ளும் கனிவு அந்த வளைவு. விசையின் முகத்திலோ மெல்லிய குழிவு. நுனிவிரல் தானாக நடுவில் வந்து அமர்கிறது. அழுத்தினால் இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான ஆழம்: முதலில் ஒரு சிறு எதிர்ப்பு, பிறகு இசைவு, அடியில் மென்மையான நிறைவு. பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்தாலும் விரல் சலிப்பதில்லை.

தமிழ்99 விசைப்பலகை முறையில் எழுதுபவருக்கு இதில் இன்னும் ஓர் இன்பம் உண்டு. ‘எஃப்’ விசையிலும் ‘ஜே’ விசையிலும் சின்னஞ்சிறு மேடு வைத்திருப்பார்கள். பெரும்பாலான விசைப்பலகைகளில் உள்ள ஏற்பாடுதான். தமிழ்99-இல் அந்த ‘எஃப்’ இருக்குமிடம் புள்ளி, ‘ஜே’ இருக்குமிடம் ப. தமிழ் எழுதும்போது மெய்யெழுத்துக்காக ஓயாமல் தேடும் புள்ளி, இடது சுட்டுவிரல் இருந்த இடத்திலேயே, தொட்டால் தெரியும் மேட்டின்மேல் இருக்கிறது. யாரும் நமக்காகத் திட்டமிட்டு வைத்த மேடு அல்ல அது. ஆனாலும் திங்க்பேட்டின் தெளிவான விசையில் அந்த மேட்டை விரல் உணரும்போது, நமக்காகவே வைத்ததுபோல் மனம் மகிழ்கிறது.

எ, க, ங ஆகிய மூன்று விசைகளும் கூடும் இடத்தில், அதாவது ஜி, எச், பி ஆகியவற்றுக்கு நடுவில், ஒரு செந்நிறக் குமிழ். கறுப்பு வெளியில் ஒரே ஒரு நிறத்துளி. டிராக்பாயிண்ட் என்பது அதன் பெயர். ஐபிஎம் ஆய்வாளர் டெட் செல்கரின் சிந்தனையில் பிறந்தது. விசையிலிருந்து கையை எடுத்து மவுஸுக்குப் போய்த் திரும்பும் நேரம் வீணாகிறதே என்ற கவலைதான் இதன் தாய். குமிழைத் தள்ளினால் அது நகர்வதில்லை. அடியில் உள்ள உணரிகள் விரலின் அழுத்தத்தை அளந்து, திரையில் அம்புக்குறியை நகர்த்துகின்றன. லேசாகத் தொட்டால் எறும்பு நடை, அழுத்தினால் பாய்ச்சல். முதல் வாரம் பழக்கமில்லாமல் தடுமாறும், உண்மைதான். பழகியபின், மணிக்கட்டைத் தூக்காமலே எழுத்தும் சுட்டலும் ஒரே ஓட்டத்தில் நடக்கும். அந்தச் சுகத்தை அறிந்தவர்கள் வேறு மடிக்கணினியைத் தொட்டாலும் விரல் அந்தக் குமிழைத் தேடும். குமிழின் சொரசொரப்பான தொப்பி தேய்ந்துபோனால் கழற்றி, வேறு தொப்பி மாட்டிக்கொள்ளலாம்.

பல டி480-களில் திரைக்கு மேலே கேமராவை மறைக்க ஒரு குட்டிக் கதவு, நகத்தால் தள்ளினால் மூடிக்கொள்ளும். பிள்ளைகள் கணினி முன் அமரும் வீட்டில் அதன் அருமை தெரியும். பக்கவாட்டில் டிவியில் இணைக்க எச்டிஎம்ஐ, நெட் கம்பி நேராகச் செருக ஒரு துளை, கேமரா அட்டைக்கு ஓர் இடம். கூடுதல் இணைப்பான் எதையும் பையில் சுமக்க வேண்டியதில்லை.

இப்போது கவிழ்த்துப் பாருங்கள். என் கண்ணுக்கு இதன் பேரழகு இந்த முதுகுப்புறத்தில்தான். ஆறு திருகுகள். தளர்த்தினால் அவை கீழே உருண்டு ஓடுவதில்லை. மூடியிலேயே தங்கிக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். நாளைக்கு இதைத் திறக்கப்போகும் ஒருவரை, அவர் வல்லுநராக இல்லாமலும் இருக்கலாம் என்று எண்ணி, முன்கூட்டியே மதித்த மரியாதை அது. உள்ளே ரேமுக்கு இரண்டு இடங்கள், கழற்றி மாற்றக்கூடிய சேமிப்பகம், விசிறி, எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில். விசைப்பலகை மட்டும் கெட்டால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். எதை எப்படிக் கழற்றுவது என்று படத்தோடு விளக்கும் கையேட்டை நிறுவனமே இலவசமாகத் தருகிறது. திறப்பதற்கு முன் பயாஸில், அதாவது கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில், உட்பேட்டரியை அணைக்கச் சொல்கிறது அந்தக் கையேடு. அதைத் தவறாமல் செய்யுங்கள்.

பேட்டரி இரண்டு. ஒன்று உள்ளே, 24 வாட்-மணி. மற்றொன்று பின்புறம், இரண்டு தாழ்ப்பாள்களைத் தள்ளினால் கையோடு வந்துவிடும். முதலில் பின்பேட்டரிதான் தீர்கிறது, உள்ளிருப்பது காத்திருக்கிறது. ஆகவே மின்வெட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே, கணினியை அணைக்காமல், தீர்ந்த பின்பேட்டரியைக் கழற்றி நிறைந்ததை மாட்டலாம். 72 வாட்-மணிப் பெரிய பேட்டரியை மாட்டினால் அது அடியில் சற்றுப் புடைத்து நிற்கும். அந்தப் புடைப்பே கணினியின் பின்புறத்தைத் தூக்கி, விசைப்பலகைக்கு இதமான சாய்வைத் தந்துவிடுகிறது. இதற்கு அடுத்து வந்த டி490-இல் இந்தக் கழற்று பேட்டரி இல்லை; ரேமும் ஒரு பாதி தாய்ப்பலகையோடு ஒட்டிப்போனது. மெலிவுக்காகக் கொடுத்த விலை. எனக்கு அது அதிகமாகவே படுகிறது.

இதன் திரை மட்டும் அடக்கமானது. பளபளப்பில்லாத பரப்பு என்பதால் சன்னல் வெளிச்சம் கண்ணில் அடிக்காது. ஆனால் வண்ணச் செழிப்பை எதிர்பார்க்கக் கூடாது. 1366-க்கு 768 என்ற குறைந்த நுணுக்கத்தில் வந்தவையும் சந்தையில் உண்டு. தமிழ் எழுத்தின் சுழியும் கொம்பும் கூர்மையாகத் தெரிய வேண்டுமானால் 1920-க்கு 1080 திரை உள்ளதையே கேட்டு வாங்குங்கள்.

கடையில் நிற்கும்போது இன்னும் சிலவற்றையும் பாருங்கள். பிராசசர் எட்டாம் தலைமுறையா என்று உறுதிசெய்யுங்கள். இதே மாடலில் ஏழாம் தலைமுறையும் வந்தது, அதற்கு விண்டோஸ் 11 ஆதரவு இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. பயாஸைத் திறக்கச் சொல்லுங்கள். பழைய நிறுவனத்தின் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருந்தால் வாங்காதீர்கள். சி-வகைத் துளையில் சார்ஜரைச் செருகி மின்சாரம் ஏறுகிறதா என்று பாருங்கள். அந்தத் துளையைக் காக்கும் தண்டர்போல்ட் மென்பொருள் புதுப்பிப்பு போட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். பிறகு ஒரு நாற்காலி கேட்டு உட்காருங்கள். திரையை மெல்லத் திறந்து, பாதியில் விட்டு, அது நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு பத்தி தமிழில் தட்டச்சு செய்யுங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் அந்தப் பத்தியை முடித்துவிட்டே எழுந்திருங்கள்.