ஏற்காட்டில் திரும்பி நில்லுங்கள்

ஏற்காட்டில் காட்சிமுனை என்று பெயர் வாங்கிய இடங்களுக்கெல்லாம் ஒரு பொதுக்குணம் உண்டு. லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், பக்கோடா பாயிண்ட், கரடியூர் என எங்கே போனாலும் மலையின் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தி, கீழே கிடக்கும் சமவெளியைப் பார்க்கச் சொல்வார்கள். மலையேறி வந்தவர்கள் வரிசையாக நின்று சேலத்தைப் பார்ப்பார்கள். வானம் தெளிந்திருந்தால் மேட்டூர் அணையும் கண்ணில் படும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நேரம் முழுக்க ஏற்காடு அவர்களுடைய முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. பிறகு ஏரியில் ஒரு படகுச் சவாரி, ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜி, இறக்கம். “ஊட்டி மாதிரி இல்லையே” என்று சலித்துக்கொண்டு திரும்புகிறவர்களில் பாதிப்பேர் ஏற்காட்டைப் பார்க்கவே இல்லை என்பது என் கட்சி.

ஊட்டியை முதலில் மறந்துவிடுங்கள். சேர்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. அதன் உச்சியே ஏறத்தாழ 5,300 அடிதான். குளிர் நடுக்காது, பனி மூடிக் கிடக்காது, பொம்மை ரயிலும் கிடையாது. இருப்பதெல்லாம் பரந்த ஒரு மேட்டுநிலம், அதில் காப்பித் தோட்டங்கள், அறுபதுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள். அந்த மேட்டுநிலத்தைப் பார்க்கத்தான் வந்திருக்கிறோம் என்று மனதில் வைத்துக்கொண்டால், பார்க்க வேண்டியவை தாமாகவே எதிரில் வரும்.

அவை அடிவாரத்திலேயே வரத் தொடங்கிவிடும். சேலத்திலிருந்து ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். பெரும்பாலோர் வளைவுகளை எண்ணுவார்கள், அல்லது வாந்தியை அடக்குவார்கள். ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கி, மரங்களைக் கவனியுங்கள். கீழே முள்ளும் புதரும் வெயிலில் காய்ந்த பாறையும். கொஞ்சம் ஏறியதும் மூங்கிலும் இலையுதிர் மரங்களும். மேல் வளைவுகளில் சட்டென நிழல் கூடி, காற்றின் வாசனை மாறும். ஒரு மணி நேரத்துக்குள் மூன்று வகைக் காட்டைக் கடந்திருப்பீர்கள்.

யாரும் நின்று பார்க்காத அந்தக் கீழ்ச்சரிவின் பாறைக்காட்டில்தான் இந்த மலையின் முக்கியமான குடிமகன் ஒருவர் இருக்கிறார். மஞ்சள் தொண்டைச் சின்னான். தலையும் தொண்டையும் மஞ்சள், உடம்பு சாம்பல், கொண்டை கிடையாது. தென்னிந்தியாவின் வறண்ட பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இந்தப் பறவை இல்லை. பசுமையான தோட்டத்தில் தேடினால் கிடைக்காது. காலையில் சீக்கிரம் கிளம்பி, வண்டியைப் பாதுகாப்பாக ஒதுக்க இடம் இருக்கும் வளைவில் பத்து நிமிடம் பேசாமல் நின்றால் குரலாவது கேட்க வாய்ப்பு உண்டு. குரங்குகளுக்குத் தீனி போடுகிற கூட்டத்துக்குப் பக்கத்தில் நின்றால் அதுவும் இல்லை.

அதே இடத்தில் சாலைக்காக வெட்டிய பாறையையும் பாருங்கள். கருநீலச் சாம்பல் நிறம். உடைந்த முகத்தில் எண்ணெய் தடவிய மினுமினுப்பு. இதன் பெயர் சார்னோகைட். கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரரின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறை என்பதால், தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் அவர் பெயரையே இதற்கு வைத்தார். கல்லறைக்குக் கல் போனது சென்னைப் பக்கத்திலிருந்து. சேர்வராயன் மலையின் உடம்பும் அதே வகைப் பாறைதான், வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். மேலே போனால் இதே பாறை மழையிலும் வெயிலிலும் மக்கி, செம்மண்ணாகவும் பாக்சைட்டாகவும் தலையில் படிந்திருப்பதைக் காணலாம். அந்த பாக்சைட்டை வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இறக்கிய காலமும் உண்டு. அடிவாரத்தில் சேலத்தை ஒட்டி வெள்ளை வெள்ளையாகத் தெரியும் மேடுகள் மேக்னசைட் சுரங்கங்கள். உள்ளூரில் வெள்ளைக்கல் என்பார்கள். லேடீஸ் சீட்டில் தொலைநோக்கிக்குக் காசு கொடுத்தவர்கள் அந்த வெள்ளைத் திட்டுகளைத் தேடிப் பார்க்கலாம். காசுக்கு அது மோசமில்லை.

கல்லில் ஆர்வம் வந்துவிட்டால், ஊருக்குள் ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்கு ஒரு நடை போங்கள். ராபர்ட் புரூஸ் ஃபுட்டின் நினைவு அங்கே இருக்கிறது. 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து, இந்தியாவின் வரலாற்றுக்கு முந்தைய காலத்தைத் திறந்துவைத்தவர் அவர். அரசுப் பணியில் தென்னிந்தியா முழுக்க அலைந்த மனிதர், வீடு வைத்துக்கொள்ளத் தேர்ந்தெடுத்தது ஏற்காட்டை. 1912-ல் இறந்தார். இந்த மலையில் கிடைத்த வழவழப்பான புதிய கற்காலக் கோடரிகளையும் அவர் சேகரித்தார். மலைமக்களுக்கு அவை ஏற்கெனவே பழக்கம்தான். உழும்போது கிடைத்த கோடரிக் கற்களைக் கோயில்களில் வைத்துப் பிள்ளையாராகக் கும்பிட்டு வந்தார்கள். ஃபுட்டின் சேகரிப்பைச் சென்னை அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. எழும்பூர்ப் பக்கம் போகிறவர்கள் அங்கே ஏற்காட்டின் ஒரு துண்டைப் பார்க்கலாம்.

இனி காப்பி. ஏற்காட்டை ரசிக்க ஒரே ஒரு வழி சொல்லுங்கள் என்றால் காப்பித் தோட்டத்தைத்தான் சொல்வேன். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காப்பி பயிரிடத் தொடங்கினார். கிரேஞ்ச் எஸ்டேட் அவர் காலத்தது. அன்று முதல் இந்த மலையின் பச்சை நிறமே மாறிப்போனது. எஸ்டேட் ஓரமாக நின்று பாருங்கள். மேல் அடுக்கில் சில்வர் ஓக், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அதைத் தழுவி ஏறும் மிளகு, மேற்கு மலைகளுக்கு உரியது. நடுவில் நிழலுக்கும் மண்ணுக்கும் கல்யாண முருங்கை. கீழே இடுப்பளவு காப்பிச் செடி, எத்தியோப்பியாவில் பிறந்து ஏமன் வழியாக வந்தது. ‘இயற்கை எழில் கொஞ்சும்’ என்று விளம்பரப் பலகைகள் சொல்கிற பச்சையில் பெரும்பகுதி குடியேறி வந்த பச்சை. இதைத் தெரிந்துகொள்வதால் அழகு குறையாது. யாரோ நட்டு, கவாத்து செய்து, நிழல் கழித்து வைத்திருக்கிறார்கள் என்ற நினைப்போடு பார்ப்போம், அவ்வளவுதான்.

காப்பிக்கு ஒரு நாள்காட்டி உண்டு. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழ வேண்டும். அது விழுந்து ஒரு வாரம், பத்து நாளில் கிளை நெடுக வெள்ளைப் பூ. மல்லிகையை நினைவூட்டும் மணம் சாலை வரை வரும். மூன்று நான்கு நாட்களில் பழுப்பாகிவிடும். இதை முன்பதிவு செய்துகொண்டு பார்க்க முடியாது. சேலத்தில் தெரிந்தவர்கள் இருந்தால் மழை பெய்ததா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பழம் பழுப்பது நவம்பரிலிருந்து ஜனவரி வரை. எல்லாப் பழமும் ஒரே நாளில் சிவக்காது. பெண்கள் ஒரே செடிக்குத் திரும்பத் திரும்ப வந்து சிவந்ததை மட்டும் பறிப்பார்கள். பறித்த அன்றே தோலுரித்து, வழவழப்பு போகத் தொட்டியில் ஊறப்போட்டு, கழுவி, களத்தில் காயவைப்பார்கள். அந்தப் பருவத்தில் எஸ்டேட் பக்கம் போனால் புளித்த வாடை மூக்கில் ஏறும். சிலர் கைக்குட்டையை எடுப்பார்கள். எனக்கு அது பூ மணத்தைவிட நல்ல மணம், ஏனென்றால் நாம் குடிக்கப்போகும் காப்பி அங்கேதான் தொடங்குகிறது. வேலிக்குள் கேட்காமல் நுழையாதீர்கள். கேட்டால் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். வீட்டுக்குத் தூள் வாங்கும்போது பாக்கெட்டில் சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். ‘ஏற்காடு காப்பி’ என்று வாங்கிச் சிக்கரியைச் சுமந்து வருகிறவர்கள் அதிகம்.

தோட்டங்களைத் தாண்டிப் போக வேண்டும். ஒண்டிக்கடை ரவுண்டானாவில் வண்டிகள் எல்லாம் ஏரிப்பக்கம் ஒதுங்கும்போது, நீங்கள் மலையைச் சுற்றும் சாலையைப் பிடியுங்கள். முப்பது கிலோமீட்டர் சொச்சம். நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மநத்தம் என்று பெயர்ப்பலகைகள் வரும். மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்களின் ஊர்கள் இவை. கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் கிளம்பி வந்ததாகவும், மூத்தவர் சேர்வராயனில் தங்க, மற்றவர்கள் வேறு மலைகளுக்குப் போனதாகவும் தங்கள் வரலாற்றைச் சொல்வார்கள். மலைக்கு மலை கதை கொஞ்சம் மாறும். பொங்கலை ஒட்டி எருதாட்டம் நடக்கும்.

‘பழங்குடி கிராமம் பார்க்கலாம்’ என்று யாராவது கூட்டிப்போனால் போகாதீர்கள். மனிதர்களைப் பார்க்க டிக்கெட் போடுவது எனக்கு ஒப்பாது. டீக்கடையில் உட்காருங்கள், பேருந்துக்கு நிற்பவர்களிடம் இந்த ஆண்டு மிளகு எப்படி என்று கேளுங்கள். அவர்கள் பேச விரும்பினால் பேசுவார்கள். ஊர்க்கோயிலைச் சுற்றி அடர்ந்த பழைய மரங்கள் நின்றால் வெளியிலிருந்தே பாருங்கள். காப்பி வருவதற்கு முன்பு மலை எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சியாக மிஞ்சியவை அவை.

அந்த முந்தைய மலையின் இன்னொரு சாட்சி இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தோட்டத்தில் கிடைக்கும். ஆர்க்கிட் செடிகளுக்குப் பேர்போன இடம். வெர்னோனியா ஷெவராயென்சிஸ் எங்கே என்று கேளுங்கள். சூரியகாந்திக் குடும்பத்தில் பிறந்து, செடியோடு நிற்காமல் சிறு மரமாக வளர்வது. பெயரிலேயே மலை இருக்கிறது. பூ பெரிதாக ஒன்றுமில்லை.

மலையின் மேல்தளத்தில் சேர்வராயன் கோயில். தாழ்ந்த குகைக்குள் குனிந்து போனால் சேர்வராயனும் காவேரி அம்மனும் சேர்ந்து இருக்கிறார்கள். குகை காவிரி வரை போகிறது என்பது மக்கள் நம்பிக்கை. மே மாதத் திருவிழாவுக்கு மலையூர்கள் எல்லாம் கூடும். சாமி கும்பிட்டுவிட்டு வெளியே அந்தச் சமதளத்தில் நின்று தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் யோசியுங்கள். இந்த மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறும் சரபங்காவும் காவிரியில் சேர்கின்றன. வடக்கே இறங்கும் வாணியாறு தென்பெண்ணையில் கலந்து கடலூர்ப் பக்கம் போகிறது. ஒரே மேட்டில் விழுந்த மழை இரண்டு ஆறாகப் பிரிகிறது. காவேரி அம்மனுக்கு இங்கே இடம் இருப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. திருமணிமுத்தாற்றைச் சேலத்துக்குள் பார்த்தவர்களுக்கு நெஞ்சு கனக்கும்; பிறந்த இடத்தையாவது நாம் பாட்டில் போட்டுக் கெடுக்காமல் இருக்கலாம். கிளியூர் அருவிக்கும் இதே மழைதான் ஆதாரம். ஏரி நிரம்பி வழிந்தால் அருவி உண்டு, கோடையில் போனால் பாறைதான்.

எப்போது போவது? மே மாதக் கோடை விழாவுக்கு என்று கேட்டால், வேண்டாம் என்பேன். மலர்க் கண்காட்சி பிடித்தவர்கள் போகட்டும். அந்த நாட்களில் சேலம் பாதையில் ஏறிக் குப்பனூர் பாதையில் இறங்கும்படி ஒருவழியாக்குவதும் உண்டு, மலையைவிட முன்னால் நிற்கும் வண்டியைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். காப்பிப் பூ வேண்டுமென்றால் கோடை மழையை நம்பிக் காத்திருங்கள். அதற்குப் பொறுமை இல்லாதவர்களுக்கு டிசம்பர். பழம் சிவந்திருக்கும், களம் நிறைந்திருக்கும், மழை நன்றாகப் பெய்த ஆண்டாக இருந்தால் அருவியில் தண்ணீரும் இருக்கும். வார நாளில் போங்கள், ஓர் இரவாவது தங்குங்கள், காட்டுமாடு சாலைக்கு வரும் மலை என்பதால் இருட்டிய பிறகு சுற்றுச்சாலையில் வண்டி ஓட்டாதீர்கள்.